பன்னிரண்டாம் பாத்தியின் ஈரம்

தன்னார்வலராகத் தோட்ட வேலை பார்ப்பது என்றால் பாதி நேரம் வாளி சுமப்பது, மீதி நேரம் பதில் சொல்வது. தோள் இறங்கிப்போன என் சக வாளிக்காரர்களுக்கு இது தெரியும். எனக்கு வாய்த்தது பெஹாலாவில், மூடிப்போன ஒரு கிடங்குக்குப் பின்னால், ஒரு டிரஸ்ட் நடத்தும் காய்கறித் தோட்டம். இருபது பாத்தி, இருபது வீட்டுக்காரர்கள். கேட் சாவியும் குழாய்ப் பூட்டுச் சாவியும் என்னிடம்.

ஈரம்

பன்னிரண்டாம் பாத்தி, எல்லோருக்கும் சித்தப்பா முறையான ஹரன் காக்கூவுடையது. டீ குடித்த மண்குவளையை வீசமாட்டார். உடைத்துக் கத்திரிச் செடியைச் சுற்றிப் பதிப்பார். ஈரம் காக்குமாம். துர்கா பூஜை முடிந்த வாரம் இறந்துபோனார். சொந்தம் என்று யாரும் இல்லை.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தேன். பதினொன்று காய்ந்திருந்தது, பதின்மூன்றும் காய்ந்திருந்தது. பன்னிரண்டு மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. செடியடியில் புதிதாக ஒரு குவளைத் துண்டு. எடுத்து முகர்ந்தேன், இஞ்சி டீ வாசனை. தாத்தா சொன்ன கதைகளில் பேய்கள் மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றிய பேய் எதுவும் அதில் இல்லை. வாசலில் காவலுக்கு இருக்கும் தபன்தாவிடம், யார் உள்ளே போனது என்று கேட்டேன்.

"ரெண்டு சாவியும் உன் பையில. கேள்வி மட்டும் என்கிட்டயா?"

பத்து நாள்

பத்து நாள் காய்ந்து கிடக்கும் பாத்தி, காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர், நாங்கள் சித்தி முறை வைத்துக் கூப்பிடும் மினதி மாஷி. சந்துக்குள் ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் தனியாக இருப்பவர். ஒரு பாத்திக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தார். பதினோராம் நாள், பால் பாக்கெட்டில் வளர்த்த சுரை நாற்றோடு வந்தார். டிரஸ்டை நடத்தும் ஷுபாதி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம். யாரோ கவனித்துக்கொள்கிறார்கள், எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

இப்படியே மூன்று தடவை. மூன்றாம் தடவை மாஷியின் கையில் நாற்று வாடியிருந்தது. பாத்தியைப் பார்த்துத்தான் பேசினார்.

"மனசு வர்றப்போ சொல்லுங்க ஹரன்தா."

சீட்டு

பனிக்காலத்தில் அறுவடை விருந்து. அதற்கு முன்தினம் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குச்சி நட்டு, எண் எழுதிய அழைப்புச் சீட்டைச் செருகுவோம். சீட்டைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத்தான் இலை. நான் பழக்கதோஷத்தில் இருபதும் எழுதிவிட்டேன், இருபதும் செருகிவிட்டேன். டாலிகஞ்சில் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது.

விடிந்ததும் பன்னிரண்டாம் சீட்டைப் பிடுங்க ஓடினேன். பத்தொன்பது சீட்டு பனியில் நனைந்து நின்றது. பன்னிரண்டில் குச்சி மட்டும். ஷுபாதியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீ பேசுறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்காது. நீ கூப்பிட்டது அவருக்கு மட்டும் கேட்டுடுச்சாக்கும்?"

இலை

சாயங்காலம் அரிசியும் பருப்பும் குழைத்த கிச்சுரியும் கத்திரிக்காய் வறுவலும் தயார். வாசலில் தபன்தா சீட்டு வாங்கினார். வந்து உட்கார்ந்தவர்கள் பத்தொன்பது பேர். சீட்டுக் கணக்குப்படி போட்டிருந்தது இருபது இலை. சீட்டுக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டு இருந்தது, ஓரத்தில் ஈரமண் பட்ட கட்டைவிரல் தடத்தோடு. யார் கொடுத்தது என்று தபன்தாவிடம் கேட்டேன். கூட்டத்தில் நீட்டிய கையைத்தான் பார்த்தாராம், ஜில்லென்று இருந்ததாம்.

அந்த இலைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர் கரண்டியோடு அப்படியே நின்றார். சீட்டு இல்லாத மினதி மாஷி கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் குரல் உயர்த்தினேன்: "மாஷி, உங்களுக்கு இலை போட்டாச்சு."

வந்தார். ஹரன் காக்கூவின் இலையில் உட்கார்ந்தார். காக்கூவின் கத்திரிக்காயை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, இலையை மடித்தார். பிறகு பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, வீட்டு ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வயிறு நிறைஞ்சுது ஹரன்தா. இனிமே நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பன்னிரண்டாம் பாத்தி காய்ந்திருந்தது. பத்து நாளும் அப்படியே கிடந்தது. பதினோராம் நாள் மாஷி சுரை நட்டார். ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலைக்கு வந்த ஒரே தன்னார்வலரை இழந்த வகையில், இப்போது எனக்குத் தினம் நாலு வாளி அதிகம்.