அப்பா வீட்டில் இருந்த மாதங்கள்

எனக்கு அப்போது எட்டு வயது. மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நான்கு ஏக்கரில் நெல் பயிரிட்டார். பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்தார். விடிந்ததும் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். பட்டா, ரேஷன் கார்டு, வரப்புச் சண்டை என்று ஆளுக்கொன்றோடு வருவார்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று அப்பா என்னைக் கேட்பார். நான் வாய் திறப்பதற்குள் யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அவரிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்து கடல் உப்பங்கழிக்குள் ஏறியது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு பள்ளத்தில் இருந்தது. காலையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் என்று சேதி வந்தது. வடிக்க ஒரே வழி, எங்கள் பக்கத்து வயல்களைக் காத்து நின்ற கரையை வெட்டிவிடுவது. வெட்டினால் உப்புத் தண்ணீர் எங்கள் நிலத்திலும் பெரியப்பா நிலத்திலும் தெருக்காரர்கள் எல்லோருடைய நிலத்திலும் பாயும். பயிர் கதிர் விடுகிற நேரம்.

பெரியப்பா நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

"ஏம்பா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உப்பு ஏறினா மூணு வருஷத்துக்கு ஒண்ணும் வெளையாது."

"அங்க ஜனம் கூரை மேல உக்காந்துனு இருக்குதுண்ணா. கொழந்தைங்க இருக்குது."

"ஆபீசருங்களுக்குப் போன் போடு. அவங்க பாத்துக்கட்டும்."

"போட்டுட்டேன். சாயங்காலம்தான் வருவாங்களாம்."

அப்பா மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். எங்கள் வயலுக்கு நேராகத்தான் முதல் வெட்டு வெட்டினார் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். ஆனால் தண்ணீர் யார் வயல் என்று பார்க்கவில்லை. குடியிருப்பில் ஓர் உயிரும் போகவில்லை. எங்கள் பக்கத்துப் பயிரெல்லாம் ஒரு வாரத்தில் வெளுத்துப்போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. தெருக்காரர்கள் பெரியப்பா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். பெரியப்பா எங்கள் வாசலைக் கடக்கும்போது போனைக் காதில் வைத்துக்கொள்வார். உப்பளத்துக்காரர்கள் ஒருநாள் கூட்டமாக வந்து, எப்போதும்போலத் தெருவிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பா எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அம்மா பழக்கத்தில் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுவிட்டு, ஆறிய பிறகு கொல்லையில் ஊற்றுவாள்.

எனக்கோ தினமும் பண்டிகை மாதிரி இருந்தது. அப்பா என்னை வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்பே வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னாலும் கடைசிவரை கேட்டார். எனக்குத் தாயம் ஆடக் கற்றுக்கொடுத்ததும் அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். தெருவில் யாரோ பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அப்பா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"கரையை வெட்டினது நல்லதாப் போச்சுப்பா," என்றேன். "இப்பதான் நீ வீட்ல இருக்கிற."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் நின்றது. அப்பா என் தலையில் கை வைத்து, "ஆமாம்மா" என்றார்.

தாயக்கட்டைகள் அவர் கையிலேயே இருந்தன. ஆட்டம் மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, "உருட்டுப்பா" என்று அவர் முழங்கையைப் பிடித்து ஆட்டினேன்.