தெளியவிட்டு அளந்த தண்ணீர்

என் சின்ன மாமா ஒரு மண் அணையில் காவல் வேலை பார்த்தார். அணை அடிவாரத்திலேயே ஒற்றை அறை வீடு, அவரும் அத்தையும்தான். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தினமும் பத்து நிமிடம் அந்தக் கசிவை வாளியில் பிடித்து, எத்தனை லிட்டர் என்று ஆபீசுக்குப் போன் பண்ண வேண்டும்.

மாமாவுக்கு எதிலும் துல்லியம் வேண்டும். மண்ணோடு அளந்தால் கணக்கு தப்பும் என்று வாளியை அரைமணி தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் அளப்பார். அடிமண் ரோஜாச் செடிக்குப் போகும். அவராக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

அணை நிரம்பிய ஒரு மழை வாரத்தில், கசிவு ஓடையில் துணி அலசிய அத்தை ஈரச் சட்டையோடு வந்தாள்.

“என்னங்க, உங்க அணை உங்க சட்டைக்கே சாயம் போட்டுடுச்சு!”

“சோப்பு போட்டுத் தேய்.”

“தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் வெளுக்குது. வந்து பாருங்க.”

ஓடை செங்கல் நிறத்தில் ஓடியது. மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவர் செடிக்குக் கொட்டியது அணையின் வயிற்று மண். போனுக்கு ஓடினார்.

“சார், மண்ணு வருது!”

“அளவு கூடிச்சா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்னய்யா? ஊரைக் கிளப்பி விட்டேன்னா வேலை போயிடும்.”

“போற வேலை போகட்டும், உயிரு போனா வருமா?” என்றாள் அத்தை. “நடங்க.”

கீழே ஊரில் நாற்பது வீடு. அத்தை சட்டையைக் காட்டியதும் ஊர் முடிதிருத்துபவர் சிரித்தார்: “சட்டை வெளுக்கலேன்னா ஊரைக் காலி பண்ணணுமாப்பா?”

சத்தமாகப் பேசியே அறியாத மாமா தெருவில் நின்று கத்தினார்: “என் தப்புண்ணே! மண்ணைக் கொட்டிட்டு வெறும் தண்ணியை அளந்தேன். அணை உள்ளுக்குள்ள கரையுது!”

சிரிப்பு நின்றது. “தன் தப்பை ஊர் கூட்டிச் சொல்றவன் பொய் சொல்ல மாட்டான்,” என்று முடிதிருத்துபவர்தான் முதலில் பெட்டியைத் தூக்கினார்.

எல்லாரும் பாறைமேடு ஏறிய பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு அணைக்கரை நடுவில் குழிந்து உடைந்தது. நாற்பது வீடும் போயிற்று. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

கரைக்கு அடியில் போட்ட இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியே மண் அரித்ததுதான் காரணம் என்றார்கள் விசாரணைக்கு வந்தவர்கள். மாமாமேல் குற்றமில்லை என்று முடித்தார்கள். அவரோ எழுந்து வாளிக் கதையையும் சொன்னார்.

“இதையும் சொல்லணுமா?” என்று முணுமுணுத்தாள் அத்தை.

“வேற அணையில வேற ஒருத்தன் இப்படியே அளந்துட்டுத்தானே இருப்பான்?”

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்தது அன்று ஒருநாள்தான்.