வெண்கெண்டையின் முதுகுத் துடுப்பு

1

அரியலூர்ப் பக்கம் ஒரு மீன்குஞ்சுப் பண்ணைக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். 1997 ஆடியில், கொள்ளிடத்தில் வலை போடும் சின்னையன் ஓர் அண்டாவில் நான்கு வெண்கெண்டைகளைக் கொண்டுவந்தார். மூன்று பெட்டை, ஓர் ஆண். நம் ஆற்றுக்கே உரிய மீன், அப்போதே குறைந்துவிட்டது. குஞ்சு பொரித்து ஆற்றில் விடுகிறேன் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

"மாமியா வூட்டு விருந்துக்குக் கேட்டாங்க. ஒங்க பேச்ச நம்பித்தான் சார் உசுரோட தூக்கியாந்தேன்."

பெட்டைகளுக்கு முட்டையிடத் தூண்டும் பிட்யூட்டரி ஊசி போட்டேன். அதற்குப் பிறகு முட்டை காத்திருக்காது. சில மணி நேரத்தில் ஆணோடு சேர்க்காவிட்டால் கெட்டுவிடும். அதனால் முதலில் ஆணின் வயிற்றை அழுத்தி, விந்துப்பால் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஊசி போட்ட பிறகுதான் அழுத்தினேன். ஒரு சொட்டு வரவில்லை.

பக்கத்துத் தொட்டியில் மிர்கால் ஆண்கள் தயாராக இருந்தன. வடக்கே கங்கையிலிருந்து வந்த மீன். வெண்கெண்டைக்கு நெருங்கிய உறவு. கலந்தால் குஞ்சு பிழைக்கும், வளர்ந்து அதுவும் முட்டையிடும், ஆற்றில் விட்டால் கலப்பு தலைமுறை தலைமுறையாகப் பரவும். இதையெல்லாம் படித்துத் தேறியவன் நான். ஆனால் சின்னையன் முன் வெறுங்கையோடு நிற்க வெட்கமாக இருந்தது. மிர்காலை விட்டேன். பதிவேட்டில் 'வெண்கெண்டைக் குஞ்சு' என்று எழுதினேன். ஆற்றில் விட்ட அன்று சின்னையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

2

ஒன்பது வருஷம் கழித்து, நான் ஓய்வுபெறும் மாதத்தில், அவர் ஒரு மீனோடு வந்தார்.

"பாருங்க சார். மூஞ்சி நம்ம மீன், முதுகு வேற எதோ. எங்கப்பா புடிச்சதுக்கெல்லாம் துடுப்பு சேவக் கொண்டையாட்டம் நிக்கும். இது பொட்டக்கோழி கொண்டையாட்டம் சுருங்கிக் கெடக்கு. நாலு வருஷமா வலைல இதான் வுழுவுது."

துடுப்பைத் தாங்கும் கதிர்களை எண்ணினேன். இரண்டு இனத்துக்கும் நடுவில் நின்றது எண்ணிக்கை. நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் மீனைப் புரட்டி அதன் முதுகைத் தடவினார்.

"ஆம்பள சரியில்லன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இன்னொன்னு புடிச்சாந்திருப்பேன். அப்ப ஆத்துல இருந்துச்சு சார்."

பண்ணை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன். ஊசியை எடுக்கும் முன் ஆணைச் சோதியுங்கள். தவறிவிட்டால் முட்டையைக் கொட்டிவிடுங்கள். ஒரு வருஷம்தான் போகும்.

திருமானூரில் கொள்ளிடக் கரையில் மீன் கொட்டுவதைக் கண்டால் இன்றும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறேன். நிமிர்ந்த துடுப்பு ஒன்று கண்ணில் படாதா என்று குவியலைக் கிளறுகிறேன். அன்று முட்டையைக் கொட்ட மனம் வராமல் நான் பிழைக்கவைத்த கலப்புதான் கையில் வருகிறது.