லூர்துமேரி கேட்ட அனுமதி

டாக்டரம்மா இங்கிலீஷில் பேசத் தொடங்கியதும் லூர்துமேரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்து நிற்பாள். பேச்சு முடிகிறவரை தரையைப் பார்ப்பாள். முடிந்ததும் கட்டிலின் பக்கம் திரும்பி, தண்டோரா போடுகிறவனுடைய குரலில் அறிவிப்பாள்:

"காய்ச்சல் நாளைக்கு எறங்கிடணும். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கேட்டுக்கிட்டியா?"

நோயாளி கேட்டுக்கொண்டதாகத் தலையாட்டுவாள். காய்ச்சல் கேட்டுக்கொண்டதா என்பது மறுநாள்தான் தெரியும்.

தருமபுரியிலிருந்து நல்லம்பள்ளிக்குப் போகிற சாலையில் இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வார்டு ஆயா உத்தியோகம். கத்தி, கத்தரிகளைக் கொதிக்க வைப்பது, படுக்கை விரிப்புகளைத் துவைப்பது, சுவரோரம் வெற்றிலை எச்சில் துப்புகிறவர்களைத் துரத்துவது, இவைதான் சம்பளத்துக்கான வேலைகள். மொழிபெயர்ப்பு சம்பளத்தில் சேராது. வெள்ளைக்கார டாக்டரம்மாவான மிஸ் ஆல்டனுக்கு "நாக்கை நீட்டு", "மூச்சை இழு" என்பதற்கு மேல் தமிழ் வரவில்லை. கம்பவுண்டருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் பெண்கள் வார்டுக்குள் அவர் வரக்கூடாது. மீதி இருந்தவள் லூர்துமேரி.

அவள் இங்கிலீஷ் கற்றது ஏற்காட்டில், காபித் தோட்டத்துத் துரை ஒருவரின் பங்களாவில். கற்றது என்பதைவிட வாங்கிக் கட்டிக்கொண்டது என்பது பொருந்தும். துரைசானி காலையில் வராந்தாவில் நின்று அன்றைய வேலைகளைச் சொல்வாள். அதில் "வில்" வந்தால் செய்தாக வேண்டும். "மஸ்ட்" வந்தால் இப்போதே செய்தாக வேண்டும். "ஷுட்" வந்தால் இந்நேரம் செய்து முடித்திருக்க வேண்டும். அடுத்து வருவது திட்டு. "மே நாட்" என்றால் அனுமதி கிடையாது. முன்வாசல் வழியாக வர அனுமதி கிடையாது. ஹாலில் உட்கார அனுமதி கிடையாது. தங்கச்சி கல்யாணத்துக்குக் கீழே இறங்கிப் போகவும் அனுமதி கிடையாது. நாளைக்கு என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் ஒருவரும் அவளோடு பேசியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டுமே பேசினார்கள். இங்கிலீஷ்காரர்கள் எதிர்காலத்தைப் பற்றி வாய் திறந்தால் அது உத்தரவு என்று லூர்துமேரி முடிவுக்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்து, சாயங்காலம் மழை வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டால், லூர்துமேரி போய்க் கொடியில் காய்கிற துணிகளை எடுத்துவிடுவாள். மழை வராவிட்டால், "சொன்ன பேச்சு கேக்காத மழை" என்று முகத்தைச் சுளிப்பாள். பஸ் இந்நேரம் வந்திருக்க வேண்டுமே என்று டாக்டரம்மா ஒருமுறை கடியாரத்தைப் பார்த்துவிட்டார். பஸ் வந்து நின்றதும் லூர்துமேரி டிரைவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அப்பவே வந்திருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஏன் வரல?"

"டயரு போச்சுங்கம்மா" என்று அவன் கைகட்டிப் பதில் சொன்னான்.

நோயாளிகளுக்கு இந்த முறை பிடித்திருந்தது. அரூர்ப் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கண்டிப்பான ஆஸ்பத்திரி என்று பேர்.

அந்த வருஷம் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, வத்தல்மலையிலிருந்து சென்றாயன் தன் மனைவி செல்லியை மூங்கிலில் தூளி கட்டிச் சுமந்துகொண்டு இறங்கினான். மறுமுனையில் அவன் தம்பி. மலையிலேயே குழந்தை பிறந்துவிட்டது. குழந்தைக்குக் குறையில்லை, அது பாட்டியிடம் இருந்தது. செல்லிக்குத்தான் பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு, உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. கண் திறந்திருந்தும் ஆளைத் தெரியவில்லை.

டாக்டரம்மா பார்த்தார். புதிதாக வந்திருந்த சிவப்பு மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டார். வெகுநேரம் கை கழுவினார். பிறகு, "ஷி மே நாட் லிவ்" என்று லூர்துமேரியிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

பிழைக்காமலும் போகலாம் என்பது டாக்டரம்மா சொன்னது. அவள் உயிரோடிருக்க அனுமதி கிடையாது என்பது லூர்துமேரி கேட்டது.

வாசற்படியில் குந்தியிருந்த சென்றாயன் எழுந்தான். "தொரசானி என்னாம்மா சொல்றாங்க?"

"இரு. இன்னும் சொல்லி முடிக்கல."

லூர்துமேரி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்? சத்தம் போட்டாளா? மருந்தைத் தட்டிவிட்டாளா? தூக்கிவந்த அழுக்குக் கம்பளிக்காக இருக்குமோ? பங்களாவில் "மே நாட்" சொன்ன பிறகு மறுபடி கேட்கிற வழக்கமில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கும் அவள் மறுபடி கேட்கவில்லை. மேளச்சத்தம் கேட்கிற தூரம்கூட இல்லாத மலையில் நின்று, அன்றைக்கெல்லாம் வெள்ளிக் கரண்டி துடைத்தாள்.

இப்போது கேட்பது என்று முடிவு செய்தாள். டாக்டரம்மாவின் அறைக்குள் போய்க் கைகூப்பி நின்றாள்.

"மேடம். ப்ளீஸ். ஷி மே லிவ்."

"வாட்?"

"யூ டெல் மே நாட். ப்ளீஸ் டெல் மே. குட் கேர்ள், மேடம். ஸ்மால் பேபி. நோ ஸ்பிட்டிங்."

மிஸ் ஆல்டன் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் சிரிப்பதற்குக் கிளம்பி, பாதியில் வேறெங்கோ போய் நின்றது. லூர்துமேரியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. சின்னச் சின்னச் சொற்களாக, கையை ஆட்டி ஆட்டி, அவர் விளக்கினார். தான் யாரையும் தடுக்கவில்லை. பிழைக்க அனுமதி தருவதும் தன் கையில் இல்லை. பிழைப்பாளா என்பது தெரியவில்லை, அவ்வளவுதான். "ஐ டோன்ட் நோ, லூர்துமேரி."

வெள்ளைக்காரர் ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொல்லி அவள் அன்றுதான் கேட்டாள்.

"தென் வில்?" என்றாள், மெதுவாக. "ஃபீவர் வில் கோ?"

அதுவும் அப்படித்தான் என்றார் டாக்டரம்மா. போகும் என்று நினைப்பதுதான். போகச் சொல்வது இல்லை.

லூர்துமேரி கூப்பிய கையை இறக்கினாள். இத்தனை காலம் எத்தனை காய்ச்சல்களை அதட்டியிருக்கிறாள். இறங்காத காய்ச்சலுக்காக எத்தனை பேரைக் கடிந்திருக்கிறாள். வெளியே வந்து, கற்றுக்கொண்டதை அப்படியே சென்றாயனிடம் சொன்னாள்.

"பொழச்சாலும் பொழப்பா. பொழைக்காமலும் போவா. டாக்டரம்மாவுக்கே தெரியலியாம்."

சென்றாயன் யோசித்தான். "தெரியாதுங்கறது எங்களுக்கே தெரியுமுங்களே. அதுக்கு எதுக்கு மலையெறங்கணும்? தெரிஞ்சவங்க எங்க இருக்காங்க, சொல்லுங்க. அங்க தூக்கிட்டுப் போறோம்."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. தம்பியைக் கூப்பிட்டான். ஆண்கள் நுழையாத வார்டுக்குள் இருவரும் போய்த் தூளியை விரித்தார்கள். செல்லியின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கவும் தூக்கிவிட்டார்கள். வெயில் உச்சியில் இருந்தது. சேலம் வரை போகலாம் என்று தம்பி சொன்னான். சேலம் வரை அவள் தாங்கமாட்டாள் என்பதைச் சொல்ல இங்கிலீஷ் எதுவும் தேவைப்படவில்லை.

"வை கீழ!"

வார்டு முழுக்க லூர்துமேரியைத் திரும்பிப் பார்த்தது.

"இவ பொழைக்கணும். டாக்டரம்மா உத்தரவு. எடுத்துட்டுப் போனீன்னா உத்தரவ மீறினதாயிடும். அப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

சென்றாயன் மனைவியைக் கட்டிலில் கிடத்தினான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றான், நிம்மதியாக.

தான் சொன்ன அந்த 'பொழைக்கணும்' உத்தரவா, வேண்டுதலா என்பது லூர்துமேரிக்கே விளங்கவில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தது அன்றைக்கு உதவியது. சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா, என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"ஷுட் லிவ், மேடம்."

மிஸ் ஆல்டன் கட்டிலைப் பார்த்தார். "எஸ்" என்றார். "ஷி ஷுட்."

செல்லி பிழைத்தாள். சட்டென்று அல்ல; காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக எல்லோரையும் அலைக்கழித்தது. சிவப்பு மருந்து அவள் தோலைச் செக்கச்செவேலென்று ஆக்கியதைப் பார்த்து சென்றாயன் பயந்துபோய், அதற்கும் உத்தரவு உண்டா என்று கேட்டான். உண்டு என்றாள் லூர்துமேரி. மலையில் அறுப்பு முடிந்து களம் காலியான பிறகு, செல்லி கொஞ்ச தூரம் நடந்தும் மீதி தூரம் தூளியிலும் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகும் லூர்துமேரி மொழிபெயர்க்கிறாள். "எறங்கிடணும்" என்று சொல்கிறாள், அதே குரலில். இறங்காதவர்களைக் கடிவது மட்டும் நின்றுவிட்டது. மழையைக்கூட ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து குள்ளம்மாள் என்கிற அம்மாள் காய்ச்சலில் நினைவு தப்பிய மகளைக் கொண்டுவந்து சேர்த்தாள். டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் மறுபடி அந்த "மே நாட்" சொன்னார். குள்ளம்மாள் லூர்துமேரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்துமேரி கட்டிலடியில் இருந்த வாளியை இழுத்தாள். தண்ணீரில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்தாள். அதை நடுவில் கிழித்து, ஒரு பாதியைக் குள்ளம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, மறு பாதியோடு கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.