சித்தப்பா எழுந்திருக்கவில்லை

சித்தூரில் ஒரு தெருவுக்கு எங்கள் சித்தப்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் ரிக்‌ஷாவைச் சுற்றுவழியில்தான் விடச் சொல்கிறேன். இந்த வயதிலும் அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சித்தப்பா பி.எல். படித்துவிட்டு சித்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்தார். குரல் என்றால் அப்படியொரு குரல். உள்ளே அவர் வாதாடினால் வெளியே மரத்தடியில் வண்டி அவிழ்த்துப் போட்டவர்களுக்கும் கேட்கும். பாகாலாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் பாதி நிலம் ஒரு மிட்டாதாருடையது. அவரை எதிர்த்துக் குடியானவர்களுக்காக வழக்காடித்தான் சித்தப்பாவுக்குப் பெயர் வந்தது. அப்போது சித்தூரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் சென்னைச் சட்டசபைக்கு நின்றார்.

அவரை ஜெயிக்க வைத்தது அத்தை. சித்தப்பாவுக்கு அக்கா, தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள். இளவயதிலேயே கணவனை இழந்தவள். எங்கள் ஊர்ப் பெண் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியாரம்மா. அப்போது தேர்தலில் ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி வைப்பார்கள். சித்தப்பாவுக்குப் பச்சை. வெறும் வெள்ளைச் சேலையைத் தவிர வேறு கட்டியறியாத அத்தை, தம்பிக்காகப் பச்சைக்கரைச் சேலை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஜெயித்ததும் திருப்பதி மலையை நடந்தே ஏறி வேண்டுதலைத் தீர்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் மராமத்து என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். கட்டடம் அந்த மிட்டாதாருடையது. மராமத்துக்கு ஒரு கொத்தனாரும் வரவில்லை. வண்டி வண்டியாக வேர்க்கடலை மூட்டைதான் வந்து இறங்கியது. நாங்கள் உட்கார்ந்த பலகைகள் மாட்டுக்கொட்டகைக்குப் போயின. அத்தை அதிகாரிகளிடம் நடையாய் நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் தம்பியிடம் போனாள்.

“நீ இன்னாத்துக்குக்கா கவலப்படற? சபையில கேள்வி போட்டுட்டேன். என் பேரக் கூப்புடுவாங்க. நான் எய்ந்து கேள்வி நம்பரச் சொன்னா போதும், மந்திரி பதில் சொல்லியே ஆவணும். நீயே வந்து பாரு” என்றார் சித்தப்பா.

அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். காட்பாடியில் வண்டி மாறிச் சென்னை போய்ச் சேர்ந்தோம். சபையில் பார்வையாளர்களுக்கென்று மேலே ஒரு மாடம். அங்கே பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று சேவகன் சொல்லிவிட்டுப் போனான். கீழே சித்தப்பா தலைப்பாகையோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அத்தை என் கையை விடவே இல்லை.

சபாநாயகர் சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். சித்தப்பா குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கூப்பிட்டார். சித்தப்பா கண்ணாடியின் மற்றப் பக்கத்தைத் துடைத்தார். சபாநாயகர் அடுத்தவர் பெயருக்குப் போய்விட்டார்.

அத்தை எழுந்து நின்றுவிட்டாள். “தம்பி, உன்னத்தாண்டா கூப்புடறாங்க. எய்ந்திருடா.”

சபையே சிரித்தது. சேவகன் ஓடி வந்து எங்களை வெளியே தள்ளிக்கொண்டு போனான். “அவனுக்குக் காதுல வியலப்பா. நீ போயி கொஞ்சம் சொல்லுப்பா” என்று அவனிடம் அத்தை கெஞ்சிய கெஞ்சல் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவே வெளியே வந்தார். வந்தவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். கோபப்பட்டார்.

“இன்னாக்கா, இத்தினி பேரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே. அடுத்த எலக்‌ஷனுக்கு அந்த மிட்டாதாரு நமக்கு வேணும். ஸ்கூலு எங்க ஓடிப்பூடும்?”

“எவனெவனுக்கோ கோர்ட்டுல அந்தக் கத்து கத்துனியே. எனக்காவ ஒரு வாட்டி எய்ந்து நிக்க முடியலியாடா உனக்கு?”

சித்தப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். அக்காவுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்றுகூடக் கேட்கவில்லை. என்ன மனுஷன்.

மிட்டாதாரின் தயவில் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். பதவி வந்தது, மாலை வந்தது, செத்த பிறகு தெருவும் வந்தது. பள்ளிக்கூடம் மட்டும் திறக்கவே இல்லை. வசதியிருந்ததால் நைனா என்னை வேலூர் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். என்னோடு படித்த பெண்களோ அதே கட்டடத்தில், அதே தரையில் உட்கார்ந்து மிட்டாதாருக்கு வேர்க்கடலை உரித்தார்கள். அவர்களுக்காக எந்தச் சபையில் யார் கேட்டார்கள்?

இந்த ஆத்திரமெல்லாம் பின்னால் வந்ததுதான். அன்றைக்கு ஊர் திரும்பும் ரயிலில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ சந்தேகத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்ப இனிமே ஸ்கூலே இல்லியா அத்தே?”

அத்தை இல்லை என்று தலையாட்டினாள். நான் சந்தோஷத்தில் கை தட்டினேன்.