போர்டு அழிக்கும் முன்

என் மகளுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மதுரையில் வைத்தியம் பார்த்தோம். முடி கொட்டி, முளைத்து, எல்லாம் முடிந்து அவள் பள்ளிக்கூடம் போனபோது, இனி நம் வீடும் மற்ற வீடுகள் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். துறைமுகத்தில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. பழையபடி கன்டெய்னர்களுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினேன்.

ஐந்தாம் வகுப்பில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், சொன்னது எதுவும் காதுல ஏற மாட்டேங்குது. எழுதுத வேலைய முடிக்க மாட்டேங்குதா. பக்கத்துப் பிள்ளைய கிள்ளி வைக்கா. வீட்டுல செல்லம் கூடிப்போச்சோ?"

அடுத்த பரிசோதனைக்கு மதுரை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். இந்த வைத்தியம் எடுத்த பிள்ளைகளில் சிலருக்குக் கவனத்தில் சிரமம் வரலாம், ஒரு மனநல நிபுணரிடம் காட்டுங்கள் என்றார். திருநெல்வேலியில் அப்படி ஒரு அம்மா இருந்தார். அவர் முதலில் என் மனைவியையும் என்னையும் தனித்தனியாக உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார். மறதி உண்டா, ஒரு இடத்தில் உட்காருவாளா, கோபம் வருமா. நான் எல்லாவற்றுக்கும் உண்டு என்றேன். என் மனைவி ஒன்றுகூட இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும், பட்டனைத் தட்ட வேண்டும், ஒரு எழுத்துக்கு மட்டும் தட்டக் கூடாது. தொடக்கத்தில் நன்றாகத்தான் செய்தாள். போகப் போகக் கை பின்தங்கியது.

கிள்ளுவதைப் பற்றியும் அந்த அம்மா அவளிடமே கேட்டார். வைகிற தொனி இல்லை, சும்மா கேட்பதுபோல.

"நான் பாதி எழுதுததுக்குள்ள டீச்சர் போர்ட அழிச்சிருவாங்க. பக்கத்துல கிள்ளுனா அவ அழுவா. டீச்சர் அங்கன போயிருவாங்க. அதுக்குள்ள மிச்சத்த எழுதிருவேன்."

நாங்கள் இருவரும் அங்கேதான் இருந்தோம்.

மூளைக்கு நோய் பரவாமல் இருக்க முதுகுத் தண்டில் ஊசி வழியாக மருந்து கொடுத்திருப்பார்கள், அதனால் சில பிள்ளைகளுக்கு வேகம் குறையும், இவளுக்கும் அப்படி இருக்கலாம் என்று அந்த அம்மா விளக்கினார். இது அடங்காத்தனம் இல்லை. ஆனால் கிள்ளுவது தப்புதான், அதைச் சொல்லித் திருத்த வேண்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் தூங்கிவிட்டாள். பாதி வழி தாண்டும்போது மனைவியிடம் கேட்டேன்.

"ஏன் ஒண்ணுமே இல்லைன்னு சொன்ன?"

"இருக்குன்னா திரும்ப வார்டுல போட்டுருவாங்களோன்னு பயந்தேன்."

"அது வேற, இது வேற."

"அது ஒங்களுக்குத் தெரியுது. எனக்கு அந்த வாசல் மிதிச்சாலே தலை சுத்துது."

நோய் திரும்பவில்லை என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும் அவள் நம்பியதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். "ஒரு பிள்ளைக்காக எல்லாரையும் நிறுத்த முடியுமா சார்?" என்றார். பேசிப் பேசி, போர்டின் ஒரு பாதியை மட்டும் கடைசிவரை அழிக்காமல் விடுவதற்கு ஒத்துக்கொண்டார். பரீட்சையில் கூடுதல் நேரமும் கிடைத்தது.

மகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளு வாங்கிய பிள்ளையின் வீட்டுக்கும் போனோம். மகள் மன்னிப்புக் கேட்டாள். டீ கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள்.

கிள்ளுவது நின்றது. கணக்கு இன்னும் தகராறுதான். அந்தப் பிள்ளை வேறு பெஞ்சுக்குப் போய்விட்டது.

"அவ அம்மா எங்கூட உக்கார விடலயாம்," என்றாள் மகள், சாப்பிட்டுக்கொண்டே.

"ஒனக்கு வருத்தமா?"

கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். நானும் காத்திருந்தேன்.

"ஆமா," என்றாள்.