மிதவையில் ஒரு நத்தை

ஊரில் அவரவர் எதையெதையோ நம்பிப் பிழைப்பை ஓட்டுகிறார்கள். லேப் அக்கா தண்ணீர் வற்றுவதை நம்பி ஓட்டினாள்.

அவள் தம்பி வீட்டு ஹாலில் இருநூற்றைம்பது லிட்டர் கடல்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே உயிருள்ள பவளங்கள், பாறையைப் பற்றிப் பூவாய் விரியும் ஒரு கடல்சாமந்தி, அதற்குள் புகுந்து புறப்படும் இரண்டு கோமாளி மீன்கள். தினமும் நாலு லிட்டர் ஆவியாகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. அப்படியே விட்டால் உப்பு ஏறி உள்ளே இருப்பதெல்லாம் செத்துப்போகும். அதனால் காலையில் இரண்டு லிட்டர், மாலையில் இரண்டு லிட்டர் என்று நல்ல தண்ணீரை யாராவது அளந்து ஊற்றவேண்டும். அந்த யாராவதுதான் லேப் அக்கா. அதற்காகத்தான் அந்த வீட்டில் அவளுக்கு ஓர் அறையும் ஒரு கட்டிலும் இருந்தன. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரியாதவர்களும் அந்த வீட்டில் யாருமில்லை.

கல்லூரி ரசாயன ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தவள். அந்தப் பெயர் அங்கே ஒட்டியதுதான். ஓய்வு பெற்று வந்த பிறகும் உதிரவில்லை. கல்யாணம் ஆகாததற்குத் தியாகக் கதை எதுவும் கிடையாது. பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் அவள் வாயே துரத்திவிட்டது. ஒருத்தனிடம், "உங்க கை ஏன் இப்படி நடுங்குது? ஒரு சொட்டு ஊத்தச் சொன்னா ஒரு டம்ளர் ஊத்திடுவீங்க போலிருக்கே" என்று கேட்டாளாம். அவன் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான்.

தொட்டி வந்த புதிதில் சாமான்கள் தேர்ந்தெடுத்த கதை தனி வேடிக்கை. விற்கிறவர் நேரில் வந்தார். அந்த வீட்டில் அவருக்குத் தொட்டிக்காரர் என்று பெயர். பட்டியலை விரித்து ஒவ்வொன்றாகச் சொல்ல, தம்பி பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

"இது தண்ணி வத்த வத்தத் தானா ஊத்திக்கும் சார்."

"அதுக்கு அக்கா இருக்காங்க."

"இது சுண்ணாம்புச் சத்தை நேரத்துக்குச் சொட்டு சொட்டா விடும்."

"சொட்டு விடறதுல அக்காவை மிஞ்ச ஆளே கிடையாது."

"இது சூடு ஏறினா போனுக்குத் தகவல் அனுப்பும்."

"அக்கா வீட்லதானே இருக்காங்க, கூப்பிட்டுச் சொல்லிடுவாங்க."

இப்படியே பாதிப் பட்டியல் அடிபட்டது. அக்காவுக்கு அன்று வாயெல்லாம் பல். தன்னை ஒரு மெஷினுக்குப் பதிலாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் சந்தோஷம்தான் பட்டிருப்பாள். வேண்டியவளாக இருந்தால் போதும் என்று நினைக்கிற ஜென்மம்.

ஐந்து வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு மீன் சாகவில்லை. ஒரு கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போய் ஓர் இரவு தங்கவில்லை. அதோடு சும்மா இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. தம்பி மனைவி ஒருநாள் உப்பு பார்க்கும் கருவியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள். அதை வருகிற போகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னாள். "இவ குழம்புல உப்பு பாக்கறதே பெரிய விஷயம். இவகிட்ட போய்க் கடலைக் குடுத்தா?" தம்பி மனைவியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து மனதுக்குள் சேர்த்து வைத்தாள்.

ஐந்தாவது வருடம் அதற்கு வேளை வந்தது. வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் திரும்பி வருகிறாள், அவளுக்கு அறை வேண்டும். வயதான பெண்களுக்கான விடுதி ஒன்றைத் தம்பி மனைவி காதும் காதும் வைத்த மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஓர் அறைக்கு நாலு பேர். ஒன்றாம் தேதி ஒரு கட்டில் காலியாகிறது. ஏன் காலியாகிறது என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

தம்பி கேட்ட ஒரே கேள்வி, "அப்போ தொட்டியை யார் பாத்துப்பா?" என்பதுதான். அக்கா சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டாள். தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கவில்லையே என்றா வருத்தப்பட்டாள்? இல்லை. அந்தக் கேள்வி இருக்கிறவரை தனக்கு இடம் இருக்கிறது என்று தெம்பானாள்.

மறுவாரமே தொட்டிக்காரர் பட்டியலோடு மறுபடி வந்தார். தம்பி மனைவிதான் வரவழைத்தாள். இதில் கொடுமை என்னவென்றால், எது நல்லது எதைத் தள்ளவேண்டும் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. "நீயே உக்காந்து பார்த்துச் சொல்லுக்கா" என்றான் தம்பி. தன்னை அனுப்பிவிட்டு வைக்கப்போகிற சாமானைத் தானே தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாள் அக்கா.

மற்ற சாமான்களில் அவளைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உள்ள செப்புக் குழாயா? செப்பு கரைஞ்சா ஒரு நத்தைகூட மிஞ்சாது. டைட்டானியம் இருந்தா கொண்டாங்க" என்றாள். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மரில் பெரிதை விட்டுவிட்டுத் தொட்டிக்கு அளவான சின்னதை எடுத்தாள். தொட்டிக்காரர், "நீங்க என் கடைக்கு வந்துடுங்கக்கா" என்றார். பேச்சுக்குச் சொன்னார். அவள் ஒரு கணம் நிஜமாகவே அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அதற்குள் அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டார்.

அந்தப் பெட்டியில்தான் அவள் பிழைப்பு இருந்தது. ஒரு குழாய், அதன் முனையில் ஒரு மிதவை. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் அதை மாட்டவேண்டும். பக்கத்தில் ஸ்டூல்மேல் ஐம்பது லிட்டர் பீப்பாய். தண்ணீர் வற்றினால் மிதவை இறங்கி வழி திறக்கும், நிரம்பினால் ஏறி அடைத்துக்கொள்ளும்.

"இது சிக்கும்" என்றாள் அக்கா.

"எப்படிக்கா சிக்கும்?"

"உப்புப் பூத்தா சிக்கும். பாசி தின்ன விட்டிருக்கோமே நத்தை, அது ஏறி இடுக்குல உக்காந்தா சிக்கும். அப்புறம் பீப்பாய்த் தண்ணி மொத்தமும் உள்ளதான்."

"பத்து வருஷமா விக்கிறேன், அப்படி நடந்ததே இல்லக்கா."

தம்பி மனைவி குறுக்கே வந்தாள். "பத்து நாள் வச்சுப் பார்க்கலாமே. யாரும் கை வைக்கவேண்டாம். சரியா ஓடிச்சுன்னா வாங்கிக்கலாம். அக்காவும் ஒண்ணாந்தேதி நிம்மதியாப் போகலாம்." எவ்வளவு அக்கறை பாருங்கள். தம்பி மண்டையை ஆட்டினான்.

அந்த மிதவை ஒன்பது நாள் ஒரு குறையும் வைக்காமல் வேலை செய்தது. அக்கா தினமும் உப்பு பார்த்தாள். தினமும் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம். அவள் ஊற்றியபோதுகூட ஒருநாள் அப்படி இப்படி இருக்கும், இது அசையவே இல்லை. சனியன் பிடித்த பிளாஸ்டிக் உருண்டை ஒன்றின்மேல் அவளுக்கு அப்படியொரு பொறாமை வந்தது. கையில் வேலை இல்லாமல் கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். மீன்கள் அவளைப் பார்த்து ஓடி வந்தன. அவை யார் தீனி போட்டாலும் ஓடி வரும்.

பத்தாம் நாள் காலை, தம்பி வேலைக்குப் போயாயிற்று, அவன் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பீப்பாயில் பதினான்கு லிட்டர் மிச்சம். மொத்தமும் உள்ளே போனால் உப்பு முப்பத்துமூன்றுக்கு இறங்கும். ஓர் உயிரும் சாகாது. தரை நனையும், கம்பளம் நாறும், மெஷின் பொய்த்துவிட்டது என்றாகும். அவ்வளவுதான் வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தை ஒன்றைப் பிய்த்தெடுத்து, மிதவை மேலே ஏற முடியாதபடி அதன் இடுக்கில் ஓட்டோடு சேர்த்து அழுத்தினாள். கை நடுங்கவில்லை. அந்தக் கை எதற்கும் நடுங்கியதில்லை.

தன்மேல் பழி வராமல் இருக்க, பழைய ஆய்வுக்கூடத் தோழி ஒருத்தி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். ஐந்து வருடத்தில் அவள் வெளியே கழித்த முதல் பகல். தோழி சாப்பாடு போட்டாள், டிவி போட்டாள், மருமகளைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினாள். அக்காவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு வீட்டைத் திறந்தவள் செருப்போடு தண்ணீரில் காலை வைத்தாள். ஹால் முழுக்கத் தண்ணீர். பதினான்கு லிட்டருக்கு இத்தனை வராது. ஓடிப்போய்ப் பார்த்தால், சமையலறைச் சுத்திகரிப்பு மெஷினிலிருந்து ஒரு குழாய் நீண்டு வந்து பீப்பாய்க்குள் கிடந்தது. தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

தம்பி மனைவியின் வேலை. பீப்பாயில் அடி தெரிவதைப் பார்த்து, கடைசி நாள் தண்ணீர் தீர்ந்துபோய் மெஷின் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, வேலைக்குப் போகும் அவசரத்தில் குழாயைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறாள். ஒருத்தி மெஷினைத் தோற்கடிக்கப் பார்த்தாள், இன்னொருத்தி ஜெயிக்கவைக்கப் பார்த்தாள். எட்டு மணி நேரம் நல்ல தண்ணீர் உள்ளே போய், உப்புத் தண்ணீர் வெளியே வழிந்திருக்கிறது.

உப்பு இருபத்தொன்று. பவளங்கள் வெளுத்துச் சளி விட்டுக்கொண்டிருந்தன. கடல்சாமந்தி பாறையை விட்டுக் கழன்று ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. கோமாளி மீன்கள் மட்டும் அதையே சுற்றிச் சுற்றி வந்தன. உப்பை அள்ளிக் கொட்டினால் அந்த வேகமே மிச்சத்தையும் கொல்லும். மெல்லக் கொட்டினால் அதற்குள் செத்துவிடும். இது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். ஐந்து வருடம் பிள்ளைபோல் வளர்த்ததைத் தன் கையாலேயே கொன்றாள், அதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆனால் ரொம்ப நேரம் உட்காரவில்லை. குழாயை அப்படியே விட்டால் பழி தம்பி மனைவிமேல் போகும்; மெஷின் தப்பித்துவிடும். எழுந்து சுத்திகரிப்பு மெஷினை நிறுத்தினாள், குழாயை உருவித் துடைத்துச் சுருட்டி அதன் இடத்தில் மாட்டினாள். நத்தையை மட்டும் தொடவில்லை. ஆறு மணிக்கு இருவரும் வந்தார்கள். தம்பி மனைவி தரையைப் பார்த்தாள், பீப்பாயைப் பார்த்தாள், சுருட்டி மாட்டியிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். வாளியும் துணியும் எடுக்கப் போனாள்.

தம்பி அலமாரியைத் திறந்து நத்தையைக் கண்டுபிடித்தான். அவ்வளவு பெரிய ஆம்பிளை, தரையில் உட்கார்ந்து அழுதான். "நீ அன்னைக்கே சொன்னக்கா. நத்தை ஏறும்னு சொன்ன. நான்தான் கேக்கல. நீ பாத்துக்கிட்ட வரைக்கும் ஒண்ணு சாகல." எந்த வார்த்தைக்காக அவள் அதைச் செய்தாளோ, அந்த வார்த்தை ஓர் எழுத்துக் குறையாமல் கிடைத்தது. மறுநாள் கோமாளி மீன்களும் மிதந்தன. தொட்டிக்காரர் வந்து தலையைச் சொறிந்துவிட்டு, மிதவையைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் அக்கா பொறுத்தாள். மூன்றாம் நாள் காலை தம்பி செய்தித்தாள் படிக்கையில் பக்கத்தில் போய் நின்றாள். "புதுசா ஆரம்பிக்கலாம்டா. பழைய மாதிரி நானே தண்ணி ஊத்தறேன். மெஷினே வேண்டாம்."

"வேண்டாம்க்கா." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிரியமாகத்தான் பிடித்தான், அதுதான் தாங்கவில்லை. "இனிமே தொட்டியே வேண்டாம். அதுங்க செத்துக் கிடந்ததை என்னால மறக்க முடியல. உன்னையும் அஞ்சு வருஷம் கட்டிப்போட்ட மாதிரி வச்சிருந்துட்டேன். இனிமேலாவது எந்த வேலையும் இல்லாம நீ நிம்மதியா இருக்கணும்."

"நான் இங்கயே நிம்மதியாத்தானே..."

"ஒண்ணாந்தேதியே வரச் சொல்லிட்டாங்க அக்கா" என்றாள் தம்பி மனைவி, சமையலறையிலிருந்து. "நேத்தே போன் பண்ணிட்டேன்."

உண்மையைச் சொல்லலாமா என்று அக்கா நினைத்தாள். எந்த உண்மையை? குழாயைச் சொன்னால் நத்தை வரும். நத்தையைச் சொன்னால் இந்தக் கையையும் தம்பி விட்டுவிடுவான். வாயால் மூன்று மாப்பிள்ளைகளைத் துரத்தியவளுக்கு அன்று வாய் வரவில்லை.

"ஒரே ஒரு உதவிக்கா" என்றான் தம்பி. "வீடெல்லாம் நாறுது. அந்தத் தொட்டியை மட்டும் கழுவிக் குடுத்துட்டுப் போயிடு. யாரோ கேட்டிருக்காங்க, குடுத்துடலாம்னு இருக்கேன். உனக்குத்தான் அதெல்லாம் பதமாத் தெரியும்."

இரண்டு நாள் பிடித்தது. செத்த பவளங்களை வாளி வாளியாக அள்ளி வெளியே போட்டாள். மணலை அலசிக் கொட்டினாள். உப்புத் திட்டுகளை வினிகர் விட்டு ஊறவைத்துச் சுரண்டினாள். துணிப்பை ஏற்கெனவே கட்டி, அவள் அறை வாசலில் வைக்கப்பட்டிருந்தது. தம்பி மனைவி காபியோடு வந்து நின்று கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள்.

"அந்த ஓரத்துல இன்னும் வெள்ளையா இருக்கே அக்கா."

அக்கா அந்த ஓரத்தை மறுபடி தேய்த்தாள்.